நடுவில் சுவர் எழுப்பினால் தலைக்கு எத்தனை அடி?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் 55 வயது வாசகர் ஒருவர், சொந்த ஊர் வீட்டைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சுருக்கம்:

தஞ்சை மாவட்டத்தில் ஓர் ஊர். 20 அடி அகலம், 60 அடி நீளமுள்ள மனையையும் அதிலிருந்த வீட்டையும் அப்பா 1984இல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினார். 2017இல் உயில் எழுதாமல் காலமானார். அம்மாவுக்கு 78 வயது. அக்காவுக்கு 1987இல் 25 பவுன் போட்டுக் கல்யாணம் செய்தார்கள். தம்பி கீழ்த்தளத்தில் அம்மாவோடு இருக்கிறார். வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறார். 2009இல் வாசகர் வங்கிக் கடன் வாங்கி 9 லட்ச ரூபாயில் மாடி எழுப்பினார். வீட்டு வரியும் அவர்தான் கட்டுகிறார். மாடிக்குப் படி தம்பியின் கூடத்துக்குள்ளேயே இருப்பதால், ஊருக்குப் போகும்போதெல்லாம் தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டியிருக்கிறது. போன பொங்கலுக்கு மாடி அறையில் துணி மூட்டைகள் அடுக்கியிருந்ததில் வாக்குவாதம் முற்றியது. "அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவை யார் பார்த்தது?" என்று தம்பி கேட்டிருக்கிறார். அக்காவோ, "எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஆனா என்னைக் கேக்காம கையெழுத்துத் தாளை நீட்டாதே" என்றிருக்கிறார். மூன்று ஆண்டில் ஓய்வு பெற்றதும் அந்த வீட்டில்தான் குடியிருக்க வேண்டும் என்பது வாசகரின் எண்ணம். "வழக்குப் போட்டால் எத்தனை மாதத்தில் நடுவில் சுவர் வைத்துப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விக்கு மாதக் கணக்கில் பதில் சொல்வதற்கு முன், அந்தச் சுவரையே கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லப் போகிறேன். உங்கள் பிரச்சினை, ஓய்வுக்குப் பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஏறி இறங்க ஓர் இடமும், மாடிக்குப் போட்ட காசுக்கு ஒரு மரியாதையும் வேண்டும் என்பது. நடுவில் சுவர் என்பது அதற்கு நீங்கள் மனதில் எடுத்துவிட்ட ஒரு தீர்வு. கடிதம் முழுக்க இந்த இரண்டும் ஒன்றாகவே ஓடுகின்றன. பிரித்துப் பார்த்தால்தான் மற்ற வழிகள் கண்ணில் படும்.

முதலில் பங்கு எத்தனை?

நீங்கள் பாதி பாதி என்று எழுதுகிறீர்கள். சட்டப்படி அது கால் கால். அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து, உயில் இல்லாமல் அவர் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். உங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நீங்கள், தம்பி என நான்கு பேர். (அப்பா இறந்தபோது அவரைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்திருந்தால் ஐந்து பங்காகும், கடிதத்தில் அவரைப் பற்றி இல்லை என்பதால் நான்கு என்றே கொள்கிறேன்.)

"1989க்கு முன் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பங்கில்லை" என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தில் அப்படி ஒரு வரம்பு இருந்தது உண்மை. ஆனால் அது பிதுரார்ஜித (பரம்பரையாக வந்த), கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. அதிலும் 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தமும், 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் நிலைமையை மாற்றிவிட்டன. அப்பாவின் சுயார்ஜிதச் சொத்துக்கு அந்த வரம்பு எந்தக் காலத்திலும் பொருந்தவில்லை. 1956 முதலே மகளுக்கும் மகனுக்கும் அதில் சமபங்குதான். 25 பவுன் போட்டதால் அக்காவின் பங்கு கழிந்துவிடாது. "எனக்கு வேண்டாம்" என்று வாயால் சொன்னாலும் பங்கு அவரிடமேதான் இருக்கிறது; பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தால்தான் கைமாறும்.

அம்மாவை நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவருடைய கால் பங்கு அவருக்கு முழு உரிமையானது. இஷ்டப்பட்டவருக்கு எழுதிக் கொடுக்கலாம், உயில் வைக்கலாம். தம்பிக்கே எழுதிவைத்தாலும் நீங்கள் தடுக்க முடியாது.

வீட்டு வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. கூட்டுச் சொத்தில் ஒருவர் வரி கட்டினால் எல்லோருக்காகவும் கட்டியதாகத்தான் பொருள். மாடி விஷயம் கொஞ்சம் வேறு. உங்கள் பணத்தில் கட்டினீர்கள் என்பதாலேயே மாடி உங்களுக்குத் தனிச் சொத்தாகிவிடாது. ஆனால் பாகம் பிரிக்கும்போது, ஒரு பங்குதாரர் செலவு செய்து மேம்படுத்திய பகுதியைக் கூடியமட்டும் அவருக்கே ஒதுக்குவதும், அதன் மதிப்பைக் கணக்கில் ஈடுகட்டுவதும் நியாயத்தின் அடிப்படையில் நீதிமன்றங்கள் செய்வதுதான். அதற்குக் கடன் பத்திரம், வங்கிக் கணக்கு, கட்டட அனுமதி யார் பெயரில் வாங்கப்பட்டது, மேஸ்திரிக்குக் கொடுத்த ரசீதுகள் எல்லாம் தேவை. மனை அப்பா பெயரில் இருந்ததால் கடனில் அவர் கையெழுத்தும் இருக்கக்கூடும், எடுத்துப் பாருங்கள்.

டேப் பிடித்துப் பார்ப்போம்

இருபதடி அகலத்தை நான்காக நீளவாக்கில் வெட்டினால் ஆளுக்கு ஐந்தடி. கட்டில் ஆறேகால் அடி. குறுக்கே போட முடியாது. குறுக்குவாக்கில் வெட்டினால் ஆளுக்குப் பதினைந்தடி ஆழம் வரும், ஆனால் தெரு வாசல் முதல் பங்குக்காரருக்கு மட்டும்தான். பின்னால் இருப்பவர்கள் போய்வர, முன்னால் இருப்பவர்கள் நடைபாதைக்கு இடம் விட வேண்டும்.

அம்மாவும் அக்காவும் விட்டுக்கொடுத்து, நீங்கள் நினைத்தபடியே இரண்டாகப் பிரித்தாலும் நிலைமை மேலாகவில்லை. ஒன்பது அங்குலச் சுவர் போக ஆளுக்கு 9 அடி 7½ அங்குலம். வெளிப்பக்கச் சுவரையும் கழித்தால் உள்ளளவு ஒன்பதடிக்கும் கீழே. நீங்கள் அனுப்பிய கைப்படத்தில் மாடிப்படி இடது சுவரோரம், கழிப்பறை கொல்லையில் வலது பக்கம். படி உங்கள் பாதியில் விழுந்தால் கழிப்பறை தம்பி பாதியில் போய்விடும். கடை வாசலும் நடுவில் பிளக்கும். எட்டு ஆண்டாக மனதில் நிற்கும் சுவர், காகிதத்தில் கோடாகப் போட்டதும் நிற்க இடமில்லாமல் போகிறது. எந்தத் தீர்வையும் இப்படி அடி, அங்குலம், ரூபாயாக எழுதிப் பார்க்கும்வரை முடிவு என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

நீதிமன்றம் போனால் என்ன நடக்கும்?

பாகப்பிரிவினை வழக்கு இரண்டு கட்டமாக நடக்கும். முதல்நிலைத் தீர்ப்பில் யாருக்கு எத்தனை பங்கு என்று அறிவிப்பார்கள். அதன்பின் இறுதித் தீர்ப்பு மனு. வழக்கறிஞர் ஆணையர் வந்து அளந்து, எப்படிப் பிரிக்கலாம் என்று அறிக்கை தருவார். மாதக் கணக்கு இல்லை, ஆண்டுக் கணக்கு. இடையில் யாராவது காலமானால் அவருடைய வாரிசுகள் எல்லோரும் கட்சிக்காரர்களாகச் சேர்வார்கள். உங்கள் அம்மாவின் வயதை நினைத்துப் பாருங்கள்.

உங்களுக்கு இதைவிடப் பெரிய அபாயம் 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தில் இருக்கிறது. பிரித்தால் பயன்படாத சொத்து என்று நீதிமன்றம் கருதினால், மொத்தத்தில் பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர்கள் கேட்கும்பட்சத்தில், விற்று பணத்தைப் பிரித்துக்கொள்ள உத்தரவிடலாம். நால்வரில் எந்த இருவர் சேர்ந்தாலும் பாதி ஆகிவிடும். அதாவது குடியிருக்க வேண்டும் என்று நீங்கள் போடும் வழக்கே அந்த வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோய்விடலாம். அப்போது மற்ற பங்குதாரர், நீதிமன்றம் நிர்ணயிக்கும் மதிப்பில் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்க அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் ஓய்வு பெறும் நேரத்தில், விற்கக் கேட்டவர்களின் பங்கு விலையை, அதாவது குறைந்தது பாதி வீட்டின் விலையைத் திரட்ட வேண்டியிருக்கும்.

சண்டை எத்தனை ரூபாய்க்கு?

நீங்கள் எழுதிய விலையையே எடுத்துக்கொள்கிறேன். சதுர அடி 3,500 என்றால் 1,200 சதுர அடி மனைக்கு 42 லட்சம். பழைய கீழ்த்தளக் கட்டடம் 6 லட்சம், மாடிக் கட்டடம் இன்றைய நிலையில் 12 லட்சம். மொத்தம் 60 லட்சம்.

மாடியைக் கணக்கில் எடுக்காமல் நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 15 லட்சம். மாடி முழுக்க உங்களுடையது என்று ஒப்புக்கொண்டு மீதி 48 லட்சத்தைப் பிரித்தால் ஆளுக்கு 12 லட்சம், உங்களுக்கு 24 லட்சம். வித்தியாசம் உங்களுக்கு 9 லட்சம். மற்ற ஒவ்வொருவரிடமிருந்தும் 3 லட்சம். குடும்பமே வழக்குக்குப் போக நினைக்கும் விஷயத்தில் உண்மையான தகராறு இவ்வளவுதான். தம்பியின் பக்கத்தில் இந்தத் தொகை 3 லட்சம் என்று தெரிந்தபின் பேச்சின் சூடு குறைய வாய்ப்பிருக்கிறது.

இங்கேயே தம்பியின் ஆஸ்பத்திரிக் கணக்கையும் பார்க்க வேண்டும். அதைச் "சாக்கு" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டீர்கள். அப்பாவின் வைத்தியத்துக்குச் செலவு செய்தவருக்குச் சட்டம் கூடுதல் பங்கு தருவதில்லை என்பது சரி. ஆனால் மாடி கட்டியவருக்கும் அது தானாக மாடியைத் தந்துவிடவில்லை. இரண்டும் பிள்ளைகள் வீட்டுக்குப் போட்ட பணம். உங்கள் ரசீதை அவர் மதிக்க வேண்டுமானால், அவருடைய ஆஸ்பத்திரி பில்லையும் நீங்கள் மேஜைமேல் வாங்கி வைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே விதி போடுங்கள்: செலவழித்த தொகை மட்டுமா, வட்டியோடா, இன்றைய மதிப்பா? உங்களுக்கு ஒரு விதி, அவருக்கு ஒரு விதி என்றால் பேச்சு அங்கேயே நின்றுபோகும்.

நான்கு பேருக்கும் வேண்டியது ஒன்றல்ல

உங்கள் கடிதத்திலிருந்தே எடுத்தால், தம்பிக்கு வேண்டியது தெருவைப் பார்த்த கடையும் கீழ்த்தளமும். அக்காவுக்குத் தன்னைக் கேட்க வேண்டும், அம்மா இருக்கும்வரை வந்து தங்க ஓர் இடம் வேண்டும். உங்களுக்கு மாடியும் தனி வழியும். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. நால்வரும் ஒரே பொருளுக்கு அடித்துக்கொண்டால்தான் வெட்டிப் பிரிக்க வேண்டும். இங்கே ஆசைகள் வேறுவேறு இடத்தில் இருக்கின்றன. உங்கள் குடும்பத்துக்கு இது பெரிய அனுகூலம்.

ஆகவே குறைந்தது ஐந்து வழிகளை எழுதி முடிக்கும்வரை எதையும் "சரிவராது" என்று சொல்வதில்லை என்று நால்வரும் ஒப்புக்கொண்டு உட்காருங்கள். மொத்தமாக விற்றுப் பிரிப்பது, ஒருவர் மற்றவர் பங்கை வாங்குவது, தளவாரியாகப் பிரிப்பது, நீங்கள் ஓய்வு பெறும்வரை மூன்று ஆண்டுக்கு மட்டும் யார் எந்தப் பகுதியைப் பயன்படுத்துவது என்று எழுதிக்கொள்வது, மாடியை வாடகைக்கு விட்டு வாடகையை அம்மாவின் மருந்துச் செலவுக்கு வைப்பது என்று இப்போதே ஐந்து வந்துவிட்டன. மருமகளோ பேரப்பிள்ளையோ ஆறாவதைச் சொல்லலாம், அதையும் எழுதுங்கள்.

எனக்குத் தளவாரிப் பிரிவினை பொருத்தமாகத் தெரிகிறது. ஆனால் அதற்கும் தடை அந்தப் படிதான். வெளியே முன்பக்கம் படி கட்டினால் தையல் கடை மறைந்துவிடும். தம்பி ஒப்ப மாட்டார், ஒப்பவும் கூடாது. கொல்லையில் கட்டினால், அங்கே போகவே அவர் வீட்டுக்குள் நடக்க வேண்டும். மீதி இருப்பது கூடம். கூடத்தின் அகலம் 12 அடி என்று குறித்திருக்கிறீர்கள். இடது சுவரோரம் படி வரைக்கும் 3½ அடிக்கு நடை விட்டு, நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒன்று எழுப்பினால் தம்பிக்கு எட்டடிக்குச் சற்று மேல் மிஞ்சும். நடைக்குத் தெருப்பக்கம் ஒரு தனிக் கதவு வேண்டும். கடை அதற்கு வலதுபுறம் இருப்பதால் முகப்பு மறையாது. அந்த இடத்தில் தூணோ உத்தரமோ குறுக்கிடுகிறதா என்பதைக் கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். உள்ளாட்சி அனுமதி தேவையா என்பதையும் அவரே விசாரித்துவிடுவார். தனி வாசலும் தனி ஒயரிங்கும் இருந்தால் மாடிக்குத் தனி மின் இணைப்பு கேட்பதும் சுலபம். கூடத்தில் தம்பி இழக்கும் இடத்துக்கு ஈடாக நீங்கள் எதை விடுகிறீர்கள் என்று முன்கூட்டியே யோசித்துவையுங்கள். மேலே கணக்கிட்ட 9 லட்ச வித்தியாசத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாக இருக்கலாம்.

இதையும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். 1984இலேயே பழையதாக இருந்த சுவர்கள் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்குப் பொறியாளர் தரும் பதில் மோசமாக இருந்தால், மாடியில் முதுமையைக் கழிக்கும் திட்டமே மாற வேண்டும். 70 வயதில் முழங்கால் வலியோடு அந்தப் படியில் ஏறுவீர்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். "எது தெரிந்தால் என் முடிவை மாற்றிக்கொள்வேன்?" என்று ஒரு தாளில் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு விசாரிக்கத் தொடங்குங்கள்.

பத்திரத்தில் விட்டுப்போகக் கூடாதவை

பேசி முடிந்ததும் வெள்ளைத்தாளில் கூர்ச்சீட்டு (யாருக்கு எந்தப் பங்கு என்ற குறிப்பு) எழுதி நால்வரும் கையெழுத்துப் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே வாய்மொழியாக நடந்த பிரிவினையை நினைவுக்காகக் குறித்துவைத்தால் பதிவு தேவையில்லை. ஆனால் அந்தத் தாளாலேயே சொத்து பிரிகிறது என்றால் பதிவு கட்டாயம். இல்லாவிட்டால் உரிமைக்குச் சாட்சியமாக அது நிற்காது. எது எந்த வகை என்ற தகராறே பிறகு வழக்காகும். நேரடியாகப் பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிந்துவிடுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலை முதல் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டண உச்சவரம்பு 10,000 ரூபாய். பாகப்பிரிவினையில் இதை ஒவ்வொரு பங்குக்கும் தனியாகக் கணக்கிடுவார்கள். கிரயமாக (விற்பனையாக) எழுதினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகும். எழுதும் வாரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தளவாரிப் பத்திரங்களில் பெரும்பாலும் மொட்டைமாடி உரிமைதான் விட்டுப்போகும். மேலே இன்னொரு தளம் எழுப்பும் உரிமை யாருக்கு, தண்ணீர்த் தொட்டி யாருடையது, செப்டிக் டேங்க் நிறைந்தால் செலவு எப்படி, கட்டடம் இடிந்தால் மனையில் யாருக்கு எத்தனை பிரிக்கப்படாத பங்கு என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். அம்மாவுக்கு எந்த அறை, எந்தக் குளியலறை, ஆயுள்வரை யாரும் வெளியேற்ற முடியாது என்ற வாசகம், மாதம் யார் எவ்வளவு தருவது என்பதும் அதே பத்திரத்தில் இருக்கட்டும். அம்மா தன் பங்கை யாருக்காவது எழுதித் தருவதானால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அவருக்குக் கைகொடுக்க அந்த வரி வேண்டும்.

அக்கா விட்டுக்கொடுப்பதானால், யாருக்காக என்பது பத்திரத்தில் தெளிவாக வர வேண்டும். தம்பி பெயருக்கு மட்டும் எழுதினால் தம்பியின் பங்குதான் கூடும். மற்ற ஏற்பாடுகள் முடியும் அதே நாளில் அதையும் முடியுங்கள். தனியாக முன்கூட்டி வாங்க ஓடாதீர்கள். முன்னேற்பாடாக வாரிசுச் சான்றிதழ், அப்பாவின் கிரயப் பத்திரம், 1984 முதல் வில்லங்கச் சான்று, மாடிக் கடன் அடைத்ததற்கான வங்கிச் சான்று ஆகிய நான்கையும் எடுத்துவையுங்கள்.

நால்வரால் பேச முடியாமல் போனால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம். அதற்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. சமரசத்தில் பேசியதைப் பின்னால் வழக்கில் உங்களுக்கு எதிராகச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது என்பதால் தம்பியும் தைரியமாகப் பேசலாம். அங்கே நடக்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) ஒப்பந்தமானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு இல்லை. ஆகவே கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

வழக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தம்பி வீட்டை அடமானம் வைக்கவோ விற்கவோ முயன்றால், உங்களுக்குப் பங்கே இல்லை என்று எழுத்தில் மறுத்தால், மாடியை இடிக்கத் தொடங்கினால், தாமதிக்காமல் பாகப்பிரிவினை வழக்கோடு தடையாணையும் கேளுங்கள். தம்பி மட்டும் குடியிருக்கிறார் என்பதாலேயே உங்கள் உரிமை போய்விடாது, ஒரு கூட்டுப் பங்குதாரர் சொத்தைக் கையில் வைத்து அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதுதான். ஆனால் உரிமையை வெளிப்படையாக மறுத்த நாளிலிருந்து காலக்கெடு ஓடத் தொடங்கும். அப்படி மறுத்து தம்பி எழுதும் கடிதத்தை அலட்சியமாக மடித்து வைத்துவிடக் கூடாது. அதுவரை மாடிப் பூட்டை உடைப்பது, அம்மாவுக்கு அனுப்பும் பணத்தை நிறுத்துவது இரண்டையும் செய்யாதீர்கள். இரண்டுமே பின்னால் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

முதல் ஃபோன் அக்காவுக்குப் போகட்டும். பங்கைப் பற்றிப் பேசாமல், அம்மாவைப் பார்க்க ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பேரும் கூட முடியுமா என்று மட்டும் கேளுங்கள். போகும்போது வங்கிக் கடன் தாள்களோடு ஓர் அளவு டேப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடத்தை அளக்கும்போது அதன் ஒரு முனையைத் தம்பி பிடிக்கட்டும்.